டிரக் முதுகில் கார்: முதலில் ஹிட்ச் எங்கே உட்காரும் என்று பாருங்கள்

கேள்வி: ஐயா, நாங்கள் டெக்சஸில், ஹூஸ்டன் பக்கம் இருக்கிறோம். நானும் கணவரும் ஓய்வு பெற்றுவிட்டோம். வீட்டை விற்றுவிட்டு, டிரக்கின் முதுகில் மூக்கைப் பூட்டி இழுக்கும் வீட்டு வண்டியான ஃபிஃப்த் வீல் டிரெய்லரிலேயே குடியிருந்து அமெரிக்கா முழுக்கச் சுற்றலாம் என்று ஆசை. இழுப்பதற்கு ஒரு பழைய வால்வோ விஎன்எல் டிரக் வாங்கிவிட்டோம். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் படுக்கும் அறை (ஸ்லீப்பர்) உண்டு, பின்னால் இரட்டை ஆக்சில். டிரெய்லர் 40 அடியில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். போய்ச் சேர்ந்த ஊரில் கடை கண்ணிக்குப் போக 2009 மாடல் ‘ஸ்மார்ட்’ கம்பெனிக் குட்டிக் கார் ஒன்றை டிரக்கின் முதுகிலேயே ஏற்றிக்கொண்டு போக வேண்டும். தெரிந்த வெல்டர் ஒருவர், ஃபிரேமின் வாலை வெல்டிங் செய்து நீட்டி, டிரெய்லரைப் பூட்டும் ஹிட்சைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, நடுவில் காரை வைக்கலாம் என்கிறார். பத்து நாள் வேலையாம். கணவர் சரி என்றுவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. முன் பம்பரிலிருந்து ஸ்லீப்பரின் பின்சுவர் வரை பதினேழரை அடி, அங்கிருந்து பின் ஆக்சில்களின் மையம் வரை ஆறு அடி, வீல்பேஸ் (முன் ஆக்சிலிலிருந்து பின் ஆக்சில்களின் மையம் வரை) 19 அடி. செய்யலாமா, கூடாதா?

பதில்: அம்மா, அளவுகளோடு எழுதியதற்கு முதலில் நன்றி. டேப் பிடித்து அளந்து எழுதுகிறவர்கள் குறைவு. உங்கள் மனசு ஒப்பாதது சரிதான். காரை முதுகில் ஏற்றலாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரிய டிரக்கை வாங்கி இப்படி மாற்றிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அந்த வெல்டர் சொன்ன வழியில் வேண்டாம்.

நான் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் தொழில் கற்றவன். அமெரிக்கா வந்த பிறகும் டிரக் ஃபிரேமை நீட்டுவதும் குறைப்பதும்தான் என் வேலை. காரை எங்கே வைப்பது என்றுதான் எல்லோரும் பேச்சை ஆரம்பிப்பார்கள். நான் ஹிட்ச் எங்கே உட்காரும் என்று கேட்டுத்தான் ஆரம்பிப்பேன். டிரெய்லரின் மூக்குக்கு அடியில் தொங்கும் பூட்டு முளையான கிங்பின் எந்த இடத்தில் வந்து பூட்டுகிறதோ அந்த ஒரு புள்ளிதான் டிரக் எப்படி ஓடும், எவ்வளவு நீளம் வரும், எந்த மாநிலத்துக்குள் போகலாம் என்பதையெல்லாம் தீர்மானிக்கிறது. காரின் இடம் அதற்குப் பிறகுதான்.

உங்கள் அளவுகளை வைத்தே பார்ப்போம். 2009 ஸ்மார்ட் கார் 8 அடி 10 அங்குல நீளம், 5 அடிக்குக் கொஞ்சம் மேல் அகலம், எடை சுமார் 1,800 பவுண்டு. ஸ்லீப்பர் ஏர் பலூன் மேல் ஆடுவதால் அதற்கும் காருக்கும் நடுவே ஒரு அடி விட வேண்டும். காருக்குப் பின்னாலும் இடம் வேண்டும்: டிரக் முழுசாகத் திரும்பும்போது டிரெய்லரின் முன்மூலை வளைந்து வந்து காரை இடிக்கக் கூடாது. டிரெய்லர் எட்டரை அடி அகலம், அதன் மூக்கு கிங்பின்னுக்கு முன்னால் ஒன்றரை அடி நீண்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த மூலை கிங்பின்னைச் சுற்றி நாலரை அடி வட்டம் போடும். மேடு பள்ளத்தில் டிரெய்லர் முன்னால் குனியவும் செய்யும். அதனால் காரின் பின்பக்கத்துக்கும் கிங்பின்னுக்கும் இடையே ஐந்தரை அடியாவது விடுவேன். காரை நீளவாக்கில் வைத்தால் ஒன்றும் எட்டே முக்காலும் ஐந்தரையும் சேர்ந்து, கிங்பின் ஸ்லீப்பரிலிருந்து 15 அடிக்குச் சற்று மேல் வருகிறது. ஆக்சில் மையமோ ஆறாவது அடியில் இருக்கிறது. வெல்டர் சொல்கிறபடி ஆக்சிலை அசைக்காமல் வாலை மட்டும் நீட்டினால், ஹிட்ச் ஆக்சிலுக்கு ஒன்பது அடி பின்னால் தொங்கும்.

மாட்டு வண்டியில் பின்பாரம் ஏறினால் என்ன ஆகும்? நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலே எழும்பும். இங்கேயும் அதேதான். 40 அடி டிரெய்லர் ஹிட்ச் மேல் 4,000 பவுண்டு பாரம் இறக்குகிறது என்று வையுங்கள். ஒன்பது அடி நெம்புகோல், 19 அடி வீல்பேஸ். நாலாயிரத்தை ஒன்பதால் பெருக்கிப் பத்தொன்பதால் வகுத்தால், முன் ஆக்சிலிலிருந்து சுமார் 1,900 பவுண்டு தூக்கப்படுகிறது. உங்கள் டிரக்கின் முன் ஆக்சிலில் வெறும் வண்டியாக 11,000 பவுண்டு அளவில் இருக்கும். அதில் ஆறில் ஒரு பங்கு காணாமல் போகிறது. அதுவும் நின்ற நிலையில். பாலத்தின் இணைப்பில் டிரெய்லர் ஒருமுறை எகிறி இறங்கும்போது இன்னும் கூடும்.

எடை மட்டும் என்றால் இவ்வளவு பெரிய டிரக் தாங்கிக்கொள்ளும் என்று உங்கள் வெல்டர் சொல்லலாம். அதில் உண்மை உண்டு. நான் பயப்படுவது பக்கவாட்டு உதறலுக்கு. ஹிட்ச் ஆக்சிலுக்கு மேலேயோ ஒட்டியோ இருந்தால், காற்று டிரெய்லரைத் தள்ளும்போது அந்த விசை நேராகப் பின்சக்கரங்களில் இறங்கிவிடும். ஃபிஃப்த் வீல் டிரெய்லர் நிதானமாக ஓடுவதற்கே அதுதான் காரணம். அதையே ஒன்பது அடி பின்னால் கொண்டுபோனால், டிரெய்லரின் ஒவ்வொரு அசைவும் டிரக்கின் வாலைப் பிடித்துத் திருப்பும். ஸ்டியரிங்கில் இருப்பவர் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். மேற்கு டெக்சஸின் சமவெளியில் பக்கக் காற்று எப்படி வீசும் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் இரண்டு பேரும் மாறி மாறி ஓட்டப் போகிறீர்கள். அந்த வண்டியில் உங்களை உட்கார வைக்க எனக்கு மனம் வராது.

அப்புறம் வெல்டிங். உங்கள் டிரக்கின் ஃபிரேம் சாதாரண இரும்பு இல்லை. சூடுபடுத்திக் குளிர்வித்துப் பதமேற்றிய உயர்வலு எஃகு. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் இறங்கிவிடும். வெல்டிங் வரிக்குப் பக்கத்திலேயே ஒரு பலவீனமான கோடு உருவாகும். ஃபிரேமின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஓட்டை போடக் கூடாது, வெல்டிங் வைக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. வளைவு விசை முழுக்க அந்த இரண்டு விளிம்புகளில்தான் ஓடுகிறது. போல்ட் போட வேண்டுமானால் அந்த விளிம்புகளை இணைக்கும் நடுச்சுவரில்தான்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பட்டறைக்கு ஒரு டிரக் வந்தது. வேறெங்கோ மாற்றியது. சாய்வுப் பலகையின் சங்கிலியை மாட்டுவதற்காக யாரோ கீழ் விளிம்பில் அரை அங்குல ஓட்டை ஒன்று போட்டிருந்தார்கள். ஓட்டையின் ஓரத்திலிருந்து ஒரு விரிசல் கிளம்பி, விளிம்பைக் கடந்து, நடுச்சுவரில் நான்கு அங்குலம் ஏறியிருந்தது. கண்ணுக்கு விரிசல் தெரியவில்லை. பெயிண்ட் மேல் மெல்லிய செந்துரு ஒழுகியிருந்தது, அவ்வளவுதான். துணியால் துடைத்துவிட்டு விரலை வைத்தேன். நகம் போய் மாட்டியது. இன்னொரு பக்கத்து ஃபிரேமை நம்பியே அந்த வண்டி எத்தனை ஊர் போயிருக்கும் என்று தெரியாது. உங்கள் வண்டியிலும் எங்காவது அப்படித் துரு ஒழுகியிருந்தால், முதலில் அதைக் காட்டுங்கள்.

சரி, வேறு எப்படிச் செய்வது? வாலை நீட்டுவதற்குப் பதிலாக ஆக்சிலைப் பின்னால் நகர்த்த வேண்டும். கார் ஸ்லீப்பருக்கும் பின்சக்கரங்களுக்கும் நடுவே உட்கார வேண்டும். ஹிட்ச் ஆக்சிலை ஒட்டியே இருக்க வேண்டும். ஃபிரேமை நீட்டத்தான் வேண்டியிருக்கும், ஆனால் அதே தரத்து எஃகில், உள்பக்கம் துணைச் சட்டம் வைத்து, நடுச்சுவரில் போல்ட் போட்டு, தயாரிப்பாளரின் பாடி பில்டர் கையேட்டில் சொன்ன முறைப்படி. வால்வோ அந்தக் கையேட்டை வெளியிட்டிருக்கிறது. வேலை கொடுக்கும் முன் பட்டறைக்காரரிடம் அதைப் பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். 'அதெல்லாம் வேண்டாம், அனுபவம் இருக்கிறது' என்று சொன்னால் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஆக்சிலோடு இன்னும் பல சேர்ந்து நகர வேண்டும். டிரைவ் ஷாஃப்ட் நீளும். நீண்ட ஷாஃப்ட் ஒரே துண்டாகச் சுழன்றால் அதிரும், அதனால் நடுவில் தாங்கு பேரிங் வைத்து இரண்டு துண்டாக்கி, மூட்டுகளின் கோணத்தைச் சரி பார்க்க வேண்டும். ஏர் பைப், ஏபிஎஸ் வயர் எல்லாம் நீளும். வண்டியில் எங்கே வெல்டிங் பிடித்தாலும் முன்னதாக பேட்டரியையும் கன்ட்ரோல் யூனிட்களையும் கழற்ற வேண்டும். பத்து நாளில் முடிகிற காரியம் இல்லை இது.

இப்போது காரை எந்த வாக்கில் வைப்பது என்ற கேள்வி. இதில்தான் உங்களுக்கு உண்மையான சங்கடம்.

ஸ்மார்ட் காரைக் குறுக்குவாக்கில், அதாவது டிரக்கின் அகலத்துக்கு வைத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அதில் வசதி நிறைய. இடம் குறைவாகப் பிடிக்கும். கிங்பின் ஸ்லீப்பரிலிருந்து 12 அடிக்குள் வந்துவிடும். டிரெய்லரைக் கழற்றாமலே பக்கவாட்டில் சாய்வுப் பலகை போட்டுக் காரை இறக்கிவிடலாம். வழியில் ஒரு ராத்திரி தங்கும்போது இது பெரிய சௌகரியம். ஆனால் இந்த நாட்டில் தேசிய நெடுஞ்சாலைக்கான அகல வரம்பு 102 அங்குலம், அதாவது எட்டரை அடி. உங்கள் கார் 106 அங்குலம். நாலு அங்குலம் வெளியே நிற்கும். பக்கத்துக்கு இரண்டு அங்குலம், யார் அளக்கப் போகிறார்கள் என்பார்கள். சாலையில் பெரும்பாலும் யாரும் அளக்க மாட்டார்கள்தான். விபத்து என்று ஒன்று நடந்தால் எதிராளியின் இன்சூரன்ஸ் ஆள் டேப்போடு வருவார். அந்த நாலு அங்குலத்துக்காக உங்கள் சேமிப்பை வைத்து விளையாட வேண்டாம்.

குறுக்குவாக்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. டிரக் பிரேக் போடும்போது கார் முன்னால் பாயப் பார்க்கும். நீளவாக்கில் இருந்தால் காரின் கைப்பிரேக்கும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். குறுக்கே இருந்தால் அந்த விசை டயரின் பக்கச் சுவரில் விழும். கைப்பிரேக்குக்கு வேலையே இல்லை, கட்டும் பட்டையும் டயர் ஓரத்தில் வைக்கும் தடுப்பும்தான் முழுப் பாரத்தையும் தாங்க வேண்டும். வணிக வண்டிகளுக்கான அமெரிக்க விதி, முன்னோக்கிய விசையாகச் சரக்கின் எடையில் 80 சதவீதத்தைக் கணக்கில் எடுக்கிறது. 1,800 பவுண்டு காருக்கு அது 1,440 பவுண்டு. உங்களுடையது சொந்த உபயோக வண்டி என்றாலும் அந்த அளவையே வைத்துக்கொள்ளுங்கள். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனிப் பட்டை, டயர் மேல் சுற்றிக் கட்டுவது. காரின் உடலைப் பிடித்து இறுக்கினால் ஸ்பிரிங் அமுங்கி எழும்பும்போது பட்டை தளர்ந்துவிடும். புறப்பட்டு அரை மணி நேரத்தில் ஒருமுறை நிறுத்தி இறுக்கிப் பாருங்கள்.

ஆக, உங்களுக்கு என் யோசனை நீளவாக்கு. கிங்பின் 15 அடியில் வரும். ஆக்சில் மையத்தை ஆறிலிருந்து பன்னிரண்டரைக்கு நகர்த்தினால் வீல்பேஸ் இருபத்தைந்தரை அடி ஆகும், ஹிட்ச் மையத்துக்கு மூன்று அடி பின்னால், கிட்டத்தட்டக் கடைசி ஆக்சிலின் தலைக்கு மேல் உட்காரும். முன்னே சொன்ன கணக்கில், முன் ஆக்சிலிலிருந்து எழும்புவது 1,900க்குப் பதிலாக 470 பவுண்டு. இன்னும் பின்னால் தள்ளி அதையும் குறைக்கலாம், ஆனால் வீல்பேஸ் 28 அடியைத் தாண்டினால் முகாம் மைதானத்து மரங்களுக்கு நடுவே திருப்ப முடியாது. இரட்டை ஆக்சிலை ஒற்றையாக மாற்றச் சொல்லி யாராவது யோசனை சொல்லலாம். டயர் செலவு குறையும், சில இடங்களில் பதிவும் எளிது. இந்த அமைப்பில் உங்களுக்கு இரண்டு ஆக்சிலுமே இருக்கட்டும்.

நீளவாக்கின் கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கார் டிரக்கின் பின்பக்கத்திலிருந்துதான் ஏற வேண்டும், அதாவது டிரெய்லரைக் கழற்றிய பிறகு, ஹிட்சைத் தாண்டி. டிரக் ஃபிரேமின் அகலம் 34 அங்குலம்தான். காரின் சக்கரங்கள் அதைவிட அகலமாக ஓடும். அதனால் சக்கரத் தடங்கள் ஃபிரேமுக்கு வெளியே, டிரக் டயர்களின் தலைக்கு மேல், பாலம் போல வர வேண்டும். ஹிட்ச் நடுவில் மடங்கிப் படுக்க வேண்டும், இல்லையென்றால் காரின் அடிவயிறு தட்டும். தடத்தின் உயரம் தரையிலிருந்து மூணே முக்கால் அடி வரும் என்று வைத்தால், எட்டு அடிச் சாய்வுப் பலகை 28 டிகிரி செங்குத்தாக நிற்கும். பன்னிரண்டு அடி என்றால் 18 டிகிரி. பன்னிரண்டு அடியே போடுங்கள், அலுமினியத்தில், இரண்டாக மடிவது போல. பலகையின் மேல்முனையைக் கட்டாயம் ஊசி போட்டுப் பூட்ட வேண்டும். ஸ்மார்ட்டுக்கு இன்ஜினும் பின்னால், உந்துவதும் பின்சக்கரம். அது பலகையை மிதித்து ஏறும்போது பலகையைப் பின்னால் உதைக்கும். பூட்டாத பலகை நழுவினால் கார் பாதியில் தொங்கும். அந்தப் பலகையை உங்களால் தூக்க முடிகிறதா என்று செய்வதற்கு முன்பே பழைய பலகை ஒன்றைத் தூக்கிப் பாருங்கள். ஒருவருக்கு முதுகுவலி வந்தால் இன்னொருவர் தனியாகச் செய்ய முடிய வேண்டும்.

இனி நீளம். டெக்சஸிலும் கலிஃபோர்னியாவிலும் டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்த பொதுவான வரம்பு 65 அடி. பம்பரிலிருந்து ஸ்லீப்பர் வரை பதினேழரை, அங்கிருந்து கிங்பின் வரை பதினைந்து சொச்சம், சேர்ந்து 33 அடி ஆகிவிட்டது. மீதி 32. மூக்கின் ஒன்றரை அடியைக் கூட்டினால், நீங்கள் வாங்கக்கூடிய டிரெய்லர் 33 அடி. நீங்கள் பார்த்து வைத்த 40 அடி வீட்டைப் பூட்டினால் மொத்தம் 71 அடி தாண்டும். குறுக்குவாக்கில் வைத்தாலும் அது 68. நாற்பது அடி வீடும் வேண்டும், முதுகில் காரும் வேண்டும், சட்டத்துக்குள்ளும் இருக்க வேண்டும் என்றால் இந்த ஸ்லீப்பரோடு முடியாது அம்மா. இரண்டு பேருக்கு 33 அடி தாராளம். பேரப்பிள்ளைகள் வந்து தங்குவார்கள் என்றுதான் பெரிசாகப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஸ்லீப்பரிலேயே படுக்கை இருக்கிறதே, பிள்ளைகளுக்கு அதைவிடக் கொண்டாட்டம் எது?

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹிட்ச், சரக்கு டிரெய்லருக்கு உள்ளது போல முன்பின் மட்டும் சாய்வதாக இருக்கக் கூடாது. வீட்டு டிரெய்லரின் சட்டம் மெலிசு. பக்கவாட்டிலும் சாய்கிற, ஏர் பலூன் வைத்த ஹிட்ச்தான் அதை முறுக்காமல் காப்பாற்றும். டிரக்கின் பிரேக் காற்றில் ஓடுகிறது, டிரெய்லரின் பிரேக் மின்சாரத்தில். இரண்டையும் இணைக்கும் கன்ட்ரோலர், ஏர் பிரேக் வண்டிக்கென்று செய்தது வேண்டும். புகைக்குழாய் ஸ்லீப்பருக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கிறதா பாருங்கள். புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியை வண்டி தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும் நேரத்தில் அங்கே வரும் சூடு காரின் பிளாஸ்டிக்கை உருக்கும். வாயை வேறு பக்கம் திருப்பலாம். வடிகட்டியைக் கழற்றக் கூடாது, அது சட்ட விரோதம். டெக்சஸில் இந்த எடைக்கு வணிகம் சாராத கிளாஸ் ஏ உரிமம் வேண்டும், இரண்டு பேருமே எடுத்துவிடுங்கள். டிரக்கை மோட்டார் ஹோமாகப் பதிய நினைத்தால், சமையல், குளிர்ப்பெட்டி, கழிப்பறை, குடிநீர்க் குழாய், ஏசி அல்லது ஹீட்டர், தனி மின்சாரம் அல்லது எரிவாயு ஆகிய ஆறில் குறைந்தது நான்கு வண்டிக்குள் இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் வரையறை. வேலை ஆரம்பிக்கும் முன்பே இன்சூரன்ஸ் கொடுக்க யார் தயார் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

டிரெய்லருக்குப் பின்னால் காரையும் கோத்து இழுக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். போதாததற்கு, பின்னோக்கி ஒரு அடி கூட எடுக்க முடியாது. வேண்டாம்.

ஒரு யோசனையைக் கணவரிடம் சொல்லிப் பாருங்கள். முதல் வருடம் எதையும் வெட்டாமல், ஹிட்ச் மட்டும் மாற்றி, ஒருவர் டிரக்கிலும் ஒருவர் காரிலுமாகப் போய்ப் பாருங்கள். கூட ஆகும் செலவு பெட்ரோல் மட்டும்தான். காரை எத்தனை நாள் உண்மையில் எடுக்கிறீர்கள், ஒரே ஊரில் எத்தனை நாள் தங்குகிறீர்கள் என்பது அதற்குள் தெரிந்துவிடும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் தங்குகிறவர்கள் என்றால் இவ்வளவு வேலையும் தேவைப்படாமலே போகலாம்.

அதற்குப் பிறகும் செய்வது என்று முடிவானால், காலி மைதானம் ஒன்றில் டிரக்கை நிறுத்தி, பின்னால் கார், கிங்பின், டிரெய்லர் மூலை எல்லாவற்றையும் சுண்ணக்கட்டியால் முழு அளவில் தரையில் வரையுங்கள். ஒரு கயிற்றைக் கிங்பின் புள்ளியில் பிடித்து டிரெய்லர் மூலையின் வட்டத்தைப் போட்டுப் பாருங்கள், காரைத் தொடுகிறதா என்று உங்கள் கண்ணுக்கே தெரியும். பிறகு ஒரு டிரக் நிறுத்தத்து எடைமேடைக்குப் போய் முன் ஆக்சில், பின் ஆக்சில் எடைகளைத் தனித்தனியாக வாங்கி எனக்கு அனுப்புங்கள். நான் மேலே போட்ட 11,000 என் அனுபவக் கணக்கு; உங்கள் வண்டியின் உண்மை எடை கையில் வந்தால் மறுபடி உட்கார்ந்து போட்டுத் தருகிறேன்.

அந்த 40 அடி டிரெய்லருக்கு முன்பணம் கொடுத்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. கொடுக்கவில்லை என்றால் இந்த வாரம் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் இன்றைக்கே போன் செய்து, 33 அடியில் வேறு மாடலுக்கு மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள்.